புது வண்டியின் செயின்: தேய்மானம் பார்ப்பதும் வாரண்டி கேட்பதும்

கிருஷ்ணகிரியில் குடியிருந்துகொண்டு ஓசூர் சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்தவர், பைக்கிலேயே போய்வருவது என்று முடிவெடுத்தால், ஒரு நாளைக்குப் போகவர ஏறத்தாழ 100 கிலோமீட்டர். மாதம் 25 நாள் வேலை என்றால் 2,500. ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர் ஒரு வருடத்தில் ஓட்டுவதை இவர் மூன்றே மாதத்தில் தாண்டிவிடுவார். "அண்ணா, வண்டி எடுத்து ஆறு மாசம்கூட ஆகலை, செயின் போச்சுங்கிறாங்க. வாரண்டி இருக்குல்ல?" என்று கேட்டுக்கொண்டு வருகிற பிள்ளைகளை இந்தப் பக்கத்தில் நிறையப் பார்க்கிறேன். ஆறு மாதம் என்பது அவர்கள் கணக்கு. மீட்டரைப் பார்த்தால் 14,000 ஓடியிருக்கும்.

எனக்குக் காவேரிப்பட்டணத்தில் வீடு. பன்னிரண்டு வருடமாக இந்தச் சாலையில்தான் வேலைக்குப் போய்வருகிறேன். மெக்கானிக் இல்லை, ஆனால் என் வண்டிகளின் செயினை நானே பார்த்துக்கொள்கிறேன். முதல் வண்டியில் வாரண்டி கேட்டுத் தோற்றேன். அப்புறம் பக்கத்து வீட்டுத் தம்பிக்குக் கேட்டுக் கிடைத்தது. இரண்டுக்கும் இருந்த வித்தியாசம் ஒரு நாற்பது பக்க நோட்டு. வாரண்டி கேட்க வேண்டிய நாளில் கையில் என்ன இருக்க வேண்டுமோ, அதை வண்டி எடுத்த நாளிலிருந்தே சேர்த்துக்கொண்டு வர வேண்டும். முதல் வண்டி எடுத்தவர்களுக்காக, அதை எப்படிச் செய்வது என்று வரிசையாக எழுதுகிறேன்.

செயினில் எது தேய்கிறது

"செயின் நீண்டுடுச்சு" என்று எல்லோரும் சொல்கிறோம். இரும்பு இழுபட்டு நீள்வதாக நினைக்க வேண்டாம். ஒவ்வொரு கண்ணியிலும், அதாவது மெக்கானிக்குகள் லிங்க் என்று சொல்வதில், ஒரு பின் இருக்கிறது. பின்னைச் சுற்றி ஒரு புஷ், புஷ்ஷின் மேல் உருளுகிற ரோலர். பின்னும் புஷ்ஷும் ஒன்றோடொன்று உரசித் தேயத் தேய, நடுவில் இடைவெளி வருகிறது. 118 கண்ணி உள்ள ஒரு செயினில், கண்ணிக்கு 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தால் போதும், மொத்தத்தில் 11.8 மில்லிமீட்டர் கூடிவிடும். கிட்டத்தட்ட ஒரு கண்ணி நீளம் அது.

இப்படி அளவு மாறிய செயின், அது மாட்டி ஓடுகிற பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல் அடிப்பள்ளத்தில் சரியாக உட்காராது. மேலேறி உட்காரும். அதனால் பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கூராகிறது. கூரான பல் அடுத்து போடும் புதுச் செயினையும் சீக்கிரம் கெடுக்கும். அதனால்தான் செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றையும் சேர்த்து ஒரே செட்டாக மாற்றச் சொல்கிறார்கள். கடைக்காரர் வியாபாரத்துக்காகச் சொல்வது என்று சந்தேகப்பட வேண்டாம். முன் ஸ்ப்ராக்கெட்டில் 14 பல், பின்னால் 42 பல் என்றால், முன்னால் இருக்கும் ஒவ்வொரு பல்லும் பின்பல்லைப் போல மூன்று மடங்கு தடவை செயினைச் சந்திக்கிறது. முதலில் தேய்வது அதுதான், ஆனால் கவருக்குள் மறைந்திருப்பதால் யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை.

நம் மாவட்டத்தில் தூசியும் ஒரு காரணம். பர்கூர், வேப்பனப்பள்ளி பக்கம் குவாரி லாரிகள் போகிற சாலையில் தினமும் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியும். கிரானைட் தூளில் குவார்ட்ஸ் இருக்கிறது, மிகக் கடினமான பொருள். அது ஆயிலோடு கலந்து கண்ணிக்குள் இறங்கினால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். முழுக்க மூடிய செயின் கவர் உள்ள வண்டியில் செயின் கூடுதலாக உழைப்பதற்குக் காரணம், இந்தத் தூளும் மழைத்தண்ணீரும் அவ்வளவாக உள்ளே போகாததுதான். பார்க்க நன்றாக இல்லை என்று அந்தக் கவரைக் கழற்றி வீசுகிறவர்களைக் கண்டால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

முதல் வேலை: நோட்டுப் போடுங்கள்

வண்டி எடுத்த அன்றே ஒரு சின்ன நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் வண்டி எடுத்த தேதி, சேசிஸ் எண், வாரண்டி முடியும் தேதியும் கிலோமீட்டரும் எழுதிவிடுங்கள். அதற்கப்புறம் செயினைத் தொடுகிற ஒவ்வொரு முறையும் ஒரு வரி: தேதி, மீட்டர், என்ன செய்தோம். "மீட்டர் 1,480. துடைத்து ஆயில் விட்டது. தொய்வு சரி." அவ்வளவு போதும்.

கூடவே போனில் ஒரு சின்ன வீடியோ. முதலில் மீட்டரைக் காட்டி, நிறுத்தாமல் அப்படியே கீழே கொண்டுபோய்ச் செயினையும் பின் ஸ்ப்ராக்கெட்டையும் காட்டுங்கள். தனித்தனிப் படமாக எடுத்தால் எந்த மீட்டருக்கு எந்தச் செயின் என்று யாரும் கேட்கலாம். ஒரே வீடியோவாக இருந்தால் அந்தக் கேள்வி வராது. மாதம் ஒன்று எடுத்தாலும் போதும்.

சர்வீஸ் பில், ஜாப் கார்டு (வண்டியைச் சர்வீஸுக்கு விடும்போது நாம் சொல்வதை எழுதிக் கையெழுத்து வாங்குகிற சீட்டு), இலவச சர்வீஸ் கூப்பன், எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். பெட்ரோல் டேங்க் கவருக்குள் வைத்தால் ஒரே மழையில் எழுத்து போய்விடும்.

தொய்வு பார்ப்பது

இது ஐந்து நிமிட வேலை. இதை மட்டும் பழகிக்கொண்டாலே பாதிப் பிரச்சினை வராது.

இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள். சென்டர் ஸ்டாண்டில் போடுவதா சைடு ஸ்டாண்டிலா என்பதை வண்டியோடு வந்த கையேடு சொல்லும், அதன்படி செய்யுங்கள். இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில், கீழ்ப்பக்கச் செயினை ஒரு விரலால் மேலே தூக்கி, பிறகு கீழே அழுத்துங்கள். மேலே போன இடத்துக்கும் கீழே வந்த இடத்துக்கும் உள்ள தூரம்தான் தொய்வு. 100 முதல் 160 சிசி வரை உள்ள பெரும்பாலான வண்டிகளில் இது 20 முதல் 30 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு என்ன அளவு என்று கையேட்டில் இருக்கும், பல வண்டிகளில் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். மூடிய கவர் உள்ள வண்டியில் கீழே ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதை எடுத்துவிட்டு ஓட்டை வழியாகப் பாருங்கள்.

ஒரே இடத்தில் பார்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. சக்கரத்தைக் கால்வாசி சுற்றிவிட்டு மறுபடி பாருங்கள், இன்னும் கால்வாசி, மறுபடி. எல்லா இடத்திலும் ஒரே அளவு வராது. எங்கே மிகவும் இறுக்கமாக இருக்கிறதோ, அந்த இடத்தை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். தொய்வான இடத்தை வைத்து இழுத்துவிட்டால், இறுக்கமான இடம் வரும்போதெல்லாம் கியர்பாக்ஸ் பேரிங்கை அது இழுக்கும்.

"லூஸா இருந்தாத்தானே ஆபத்து, டைட்டா இருந்தா என்ன?" என்று பலர் கேட்கிறார்கள். வண்டி சும்மா நிற்கும்போது பார்த்த அளவு, ஆள் ஏறினதும் மாறிவிடும். பின்னால் ஒருவர் உட்கார்ந்து, பக்கத்தில் இரண்டு பால் கேன் தொங்கினால், அல்லது ராயக்கோட்டை மார்க்கெட்டுக்குத் தக்காளிக் கூடை கட்டினால், ஷாக் அப்சார்பர் அமுங்கிச் செயின் இன்னும் இறுகும். அதற்குத்தான் இந்த 20, 30 மில்லிமீட்டர் இடம். இறுக்கிக் கட்டிய செயின் தானும் தேயும், பின் சக்கரப் பேரிங்கையும் கெடுக்கும்.

நீங்களே சரிசெய்வதானால்: பின் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஆக்சில் நட்டைத் தளர்த்துங்கள், சக்கரத்தை நகர்த்துகிற இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் சம அளவு திருப்புங்கள், ஸ்விங் ஆர்மில் இருக்கும் கோடுகள் இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் நிற்கிறதா பாருங்கள், ஆக்சில் நட்டை இறுக்குங்கள், தொய்வை மறுபடி பாருங்கள். நட்டை இறுக்கும்போது அளவு கொஞ்சம் மாறும். டிரம் பிரேக் வண்டியாக இருந்தால் பின் பிரேக் பெடலையும் கட்டாயம் மிதித்துப் பார்க்க வேண்டும். சக்கரம் பின்னால் நகர்ந்ததில் பிரேக் ராட் இழுபட்டு, பிரேக் பிடித்தபடியே வண்டி ஓடும். ஸ்பானர் பிடித்துப் பழக்கம் இல்லாதவர்கள் முதல் இரண்டு தடவை ஒரு மெக்கானிக் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். ஆக்சில் நட் விஷயத்தில் விளையாடக் கூடாது.

துடைப்பதும் ஆயில் விடுவதும்

பெரும்பாலான கையேடுகள் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் விடச் சொல்கின்றன. ஓசூர் போய்வருகிறவருக்கு அது ஐந்து நாள். அதாவது வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை. மழையில் நனைந்தால் அன்றைக்கே.

முதலில் ஒரு எச்சரிக்கை. இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றும் செயினில் துணியைப் பிடிக்கிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. எங்கள் தெருவில் ஒருவருக்கு வலது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கிறது. துணியைச் செயின் இழுத்தது, துணியோடு விரலும் போனது. கையை எடுக்க நேரமே இருக்காது. சாவி பாக்கெட்டில் இருக்க வேண்டும், சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். இதில் எந்த விட்டுக்கொடுப்பும் வேண்டாம்.

சீமெண்ணெயில் நனைத்த துணியாலோ மென்மையான பிரஷ்ஷாலோ பழைய பிசுக்கை எடுங்கள். பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் வேண்டாம். பெரிய வண்டிகளில் வருகிற ஓ-ரிங் செயினில் கண்ணிகளுக்கு நடுவே சின்ன ரப்பர் வளையம் இருக்கும். உள்ளே கம்பெனி வைத்த கிரீஸை அதுதான் காக்கிறது. பெட்ரோலும் கம்பியும் பட்டால் அந்த ரப்பர் போய்விடும், அதோடு செயினும் போயிற்று.

நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, கீழ்ப்பக்கச் செயினின் உள்புறத்தில், அதாவது ஸ்ப்ராக்கெட் பல் படுகிற பக்கத்தில், எஸ்ஏஇ 90 கியர் ஆயிலையோ செயின் ஸ்ப்ரேயையோ சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். ஆயில் இறங்க வேண்டிய இடம் உள்தகடும் வெளித்தகடும் சேர்கிற இடுக்கு. வெளியே பளபளவென்று இருப்பதால் எந்தப் பயனும் இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போது விடுங்கள். ராத்திரி முழுக்க உள்ளே இறங்கும். காலையில் வெளியே வழிந்ததைத் துடைத்துவிட்டுக் கிளம்பலாம். அப்படியே ஓட்டினால் வழிந்த ஆயில் டயரில் தெறிக்கும்.

இன்ஜினிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலை விடுவது நம் ஊரில் பழைய பழக்கம். அதில் இன்ஜின் தேய்ந்த இரும்புத்தூள் கலந்திருக்கிறது, செயினுக்கு ஆகாது. கிரீஸை அள்ளி அப்புவதும் அப்படித்தான், கண்ணிக்குள் இறங்காமல் வெளியே நின்று தூசியை மட்டும் சேர்க்கும். வாட்டர் சர்வீஸில் செயினுக்கு நேராகப் பீய்ச்சி அடிக்க விடாதீர்கள். கழுவி முடித்ததும் வீட்டுக்கு வந்து ஆயில் விடுங்கள், இல்லையென்றால் இரண்டே நாளில் துரு தெரியும்.

தேய்ந்துவிட்டதா என்று பார்ப்பது எப்படி

மூன்று வழி. முதலாவது கண்ணுக்கே தெரிவது: பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசிப் பக்கத்தில், அதாவது வண்டியின் வால் பக்கம் பார்த்த இடத்தில், செயினை விரலால் பிடித்துப் பின்பக்கம் இழுங்கள். நல்ல செயின் பல்லை விட்டு எழும்பாது. பாதிப் பல் வெளியே தெரிகிற அளவுக்கு எழும்பினால் அதன் காலம் முடிந்தது.

இரண்டாவது அட்ஜஸ்டர். கோடுகளின் கடைசிக்கு வந்துவிட்டது, இனி இழுக்க இடமில்லை என்றால் செயின் மாற்றும் நேரம். ஒரு கண்ணியை வெட்டி எடுத்து இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். கூடிய நீளத்தை வெட்டலாம், ஒவ்வொரு கண்ணியிலும் வந்த தேய்மானத்தை வெட்ட முடியாது.

மூன்றாவது டேப் வைத்து அளப்பது. வாரண்டிப் பேச்சுக்கு இதுதான் உதவும், ஏனென்றால் எண் கிடைக்கிறது. செயினின் பக்கத் தகட்டில் 428 என்று இருந்தால், ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடுவுக்கு 12.7 மில்லிமீட்டர். சாவி இல்லாமல் முதல் கியரில் போட்டு, பின் சக்கரத்தை முன்பக்கமாகத் தள்ளிப் பிடித்தால் கீழ்ப்பக்கச் செயின் விறைப்பாக நிற்கும். அப்படி நிற்கும்போது 21 பின்களை எண்ணி, முதல் பின்னின் நடுவிலிருந்து இருபத்தோராவது பின்னின் நடுவுக்கு அளந்து பாருங்கள். புதுச் செயினில் 254 மில்லிமீட்டர் வரும். 259க்கு வந்தால் 2 சதவீதம் கூடிவிட்டது, மாற்றிவிடலாம். 520 செயினில் அதே 20 கண்ணிக்கு 317.5 மில்லிமீட்டர். ஓ-ரிங் செயினை 2 சதவீதம் வரை விடாமல், 1 சதவீதத்தைத் தாண்டும்போதே மாற்றுவது நல்லது. கையேட்டில் தனியாக அளவு கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். இரண்டு மூன்று இடங்களில் அளந்து, எல்லா அளவையும் நோட்டில் எழுதுங்கள்.

பராமரித்த திறந்த செயின் 15,000 முதல் 20,000 கிலோமீட்டர் வரை உழைத்தால் எனக்கு அது நியாயமான ஆயுள். ஆரம்பத்தில் சொன்ன அந்த 14,000 ஓடிய தம்பி ஆயில் எப்போது விட்டார் என்று கேட்டால், பெரும்பாலும் சர்வீஸில் விட்டதோடு சரி என்பார். அவருக்கு வாரண்டி கிடைக்காது, கிடைக்காததில் தப்பும் இல்லை.

தேய்மானமா, தயாரிப்புக் குறையா

இங்கேதான் புதியவர்கள் குழம்புகிறார்கள். வண்டிக்கு ஐந்து வருட வாரண்டி என்று விளம்பரத்தில் இருந்தாலும், வாரண்டிப் பக்கத்தைப் புரட்டினால் கீழே ஒரு பட்டியல் இருக்கும்: பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், கேபிள், பல்ப், ஃபில்டர், அதோடு செயினும் ஸ்ப்ராக்கெட்டும். ஓட ஓடத் தேய்கிற பொருள்கள் என்று இவற்றைப் பொதுவாக வாரண்டியிலிருந்து ஒதுக்கிவிடுகிறார்கள். அதே பக்கத்தில் பொருளிலோ தயாரிப்பிலோ உள்ள குறைக்குப் பொறுப்பேற்பதாகவும் எழுதியிருக்கும். இந்த இரண்டு வரியும் உங்கள் கையேட்டில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை நிதானமாகப் படியுங்கள். சிலர் தேய்மானத்துக்கு மட்டும் மறுப்பார்கள், சிலர் அந்தப் பாகத்தையே முழுக்க ஒதுக்கியிருப்பார்கள். செயினுக்கு வாரண்டி கேட்கிறவர் நிற்க வேண்டிய இடம் அந்தக் குறை என்ற சொல்தான். "சீக்கிரம் தேய்ந்துவிட்டது" என்று போனால் திருப்பி அனுப்புவார்கள். "இந்த இடத்தில் இந்தக் குறை இருக்கிறது, பாருங்கள்" என்று போக வேண்டும்.

பக்கத்து வீட்டுத் தம்பியின் வண்டி 3,200 கிலோமீட்டரில் மெதுவாகப் போகும்போது விட்டு விட்டு இழுத்தது. தொய்வு பார்த்தால் ஒரு இடத்தில் 35 மில்லிமீட்டர், இன்னொரு இடத்தில் 10. இப்படி இறுக்கமான இடம் ஒன்று சுற்றிச் சுற்றி வந்தால், குறை செயினிலா ஸ்ப்ராக்கெட்டிலா என்று கண்டுபிடிக்க ஒரு சாக்பீஸ் போதும். வாசலில் சென்டர் ஸ்டாண்டில் போட்டோம். செயின் மிகவும் இறுகி நிற்கும் இடத்துக்குச் சக்கரத்தைக் கொண்டுவந்து நிறுத்தி, கீழ்ப்பக்கம் நடுவில் இருந்த கண்ணியில் ஒரு கோடு, பின் ஸ்ப்ராக்கெட்டில் நேர் கீழே இருந்த பல்லில் ஒரு கோடு. பிறகு மெதுவாகச் சுற்றினோம். 118 கண்ணிச் செயின், 42 பல் ஸ்ப்ராக்கெட் என்றால், செயின் ஒருமுறை முழுக்கச் சுற்றிவர சக்கரம் ஏறத்தாழ 2.8 தடவை சுற்ற வேண்டும். அதனால் இரண்டு கோடும் வேறு வேறு நேரத்தில்தான் கீழே வரும். கோடு போட்ட பல் கீழே வரும்போதெல்லாம் இறுகினால், ஸ்ப்ராக்கெட் வட்டம் சரியில்லை அல்லது சரியாக உட்காரவில்லை. கோடு போட்ட கண்ணி வரும்போது மட்டும் இறுகினால் குறை செயினில்.

எங்களுக்குக் கண்ணி வரும்போதுதான் இறுகியது. செயினை அந்த இடத்தில் தளர்த்தி விரலால் மடக்கிப் பார்த்தபோது, அடுத்தடுத்து மூன்று கண்ணிகள் முழங்கை மாதிரி மடங்கினபடியே நின்றன, தானாக நேராகவில்லை. துரு ஒரு பொட்டுக்கூட இல்லை. ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவைத்துப் பார்த்தோம், அப்படியேதான். தம்பி அதை வீடியோ எடுத்துக்கொண்டான்.

துருப்பிடித்து இறுகிய கண்ணி என்றால் பேச இடமில்லை, பராமரிப்பு இல்லை என்பார்கள். குறைந்த கிலோமீட்டரில் ரோலர் விரிசல் விடுவது, தகடு உடைவது, சில கண்ணிகள் மட்டும் துருவே இல்லாமல் இறுகுவது, ஸ்ப்ராக்கெட் வட்டம் தப்புவது: இவைதான் குறை என்று பேசத் தகுந்தவை.

வேறு காரணத்தால் வருகிறதையும் முதலில் தள்ளிவிட்டுப் போங்கள். செயினின் உள்தகட்டில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்து, ஸ்ப்ராக்கெட் பல்லின் பக்கவாட்டும் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், சக்கரம் கோணலாக மாட்டப்பட்டிருக்கிறது. எங்கேயோ பஞ்சர் ஒட்டிய இடத்தில் அவசரமாக மாட்டி, ஒரு பக்க அட்ஜஸ்டரைக் கவனிக்காமல் விட்டிருப்பார்கள். பஞ்சர் போட்ட மறுநாள் கோடுகளைப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆக்சிலேட்டரைத் திருப்பி விடும்போது 'டக்' என்று அடித்தால் செயினைக் குறை சொல்வதற்கு முன் பின் ஹப்பில் இருக்கும் கப்ளிங் ரப்பரைப் பாருங்கள்.

வாரண்டி கேட்கும் முறை

குறை தெரிந்ததும் வெளியே செயினை மாற்றிவிடாதீர்கள், வெட்டவும் வேண்டாம். கம்பெனி பார்க்க வேண்டிய பொருள் கையில் இல்லை என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பிக்கப் வேண்டும், மைலேஜ் வேண்டும் என்று பல் எண்ணிக்கை வேறான ஸ்ப்ராக்கெட் போட்டிருந்தாலும் அதையே காரணம் காட்டி மறுப்பார்கள். ஓட்டவே ஆபத்தான நிலை என்றால் வண்டியை ஏற்றிக்கொண்டு போங்கள். ஓடும்போது அறுந்த செயின் சக்கரத்தைப் பூட்டிவிடலாம், இன்ஜின் கேஸையும் உடைக்கலாம்.

அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டு போடும்போது, நீங்கள் சொன்னது உங்கள் வார்த்தையிலேயே எழுதப்படுகிறதா என்று பாருங்கள். நான் தோற்றது இங்கேதான். 8,400 கிலோமீட்டரில் செயின் கரகரவென்கிறது, ஒரு இடத்தில் இறுகுகிறது என்று சொன்னேன். ஜாப் கார்டில் "செயின் அட்ஜஸ்ட்" என்று எழுதினார்கள், நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். 9,500லும் அப்படியே. 11,000ல் செயின் தேய்ந்துவிட்டது, காசு கொடுத்து மாற்றுங்கள் என்றார்கள். முதலிலேயே சொன்னேனே என்றேன். "எழுதலையே சார்" என்று என் கையெழுத்தையே காட்டினார்கள். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆகவே "3,200 கி.மீ., செயின் ஒரே இடத்தில் இறுகுகிறது, மூன்று கண்ணி மடங்கினால் நேராகவில்லை, வாரண்டியில் பார்க்கவும்" என்று எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தம்பியின் வண்டிக்கும் முதலில் "அட்ஜஸ்ட் பண்ணி ஓட்டிப் பாருங்க" என்றுதான் சொன்னார்கள். நோட்டைக் காட்டினோம், ஆறு தடவை ஆயில் விட்ட தேதி இருந்தது. வீடியோவைக் காட்டினோம். சூப்பர்வைசர் வண்டிக்குக் கீழே உட்கார்ந்து, தானே அந்தக் கண்ணிகளை மடக்கிப் பார்த்தார். எட்டு நாளில் செட் மாற்றிக்கொடுத்தார்கள்.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். மறுத்தால், என்ன காரணத்துக்காக மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால், நடந்ததை நீங்களே அன்றைக்கே கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சலாக எழுதி, ஜாப் கார்டு படத்தையும் வீடியோவையும் சேர்த்து அனுப்புங்கள். கோபமாக நாலு பக்கம் எழுத வேண்டாம். வண்டி எண், மீட்டர், தேதி, என்ன குறை, என்ன கேட்கிறீர்கள், பத்து வரியில் முடியும்.

அதற்கும் பதில் சரியில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். பல சின்னப் பிரச்சினைகள் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும், ஏனென்றால் புகார் நேராகக் கம்பெனிக்குப் போகிறது. கடைசி வழி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நமக்குப் பெரிய வசதி ஒன்று இருக்கிறது: நீங்கள் குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற இடத்திலேயே புகார் கொடுக்கலாம். ஓசூர்க்காரர்கள் பெங்களூரிலும் தருமபுரிக்காரர்கள் சேலத்திலும் வண்டி எடுப்பது சாதாரணம். வாங்கிய ஊருக்கு அலைய வேண்டியதில்லை. வாங்கிய விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். இணையம் வழியாகவும் கொடுக்கலாம். ஒரு செயின் செட்டுக்காக அவ்வளவு தூரம் போவதா என்பது அவரவர் முடிவு. செயின் அறுந்து இன்ஜின் கேஸ் உடைந்தது, விழுந்து அடிபட்டது என்றால் நான் தயங்காமல் போவேன்.

மாற்றும்போது

வாரண்டியில் மாற்றினாலும் காசு கொடுத்து மாற்றினாலும் மூன்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். செயின் மட்டும் தருகிறோம் என்றால், ஸ்ப்ராக்கெட் தேய்மானத்தைக் காட்டிக் கேளுங்கள். வெளியே வாங்கினால் ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்காதீர்கள், உதிரிப் பாகத்துக்கென்று தனி வாரண்டி இருந்தால் அந்தப் பில்தான் ஆதாரம். காசு கொடுத்து மாற்றினால் பழைய செட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முன் ஸ்ப்ராக்கெட்டை உள்ளங்கையில் வைத்துப் புதியதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், எது தேய்ந்த பல், எது நல்ல பல் என்பது அப்புறம் மறக்காது.

கிளிப் லாக் உள்ள செயினாக இருந்தால், மாட்டி முடித்ததும் கிளிப்பைப் பாருங்கள். மீன் மாதிரி இருக்கும் அந்தக் கிளிப்பின் மூடிய பக்கம், செயின் ஓடுகிற திசையைப் பார்த்து இருக்க வேண்டும். திறந்த பக்கம் முன்னால் இருந்தால் எதிலாவது பட்டுக் கழன்றுவிடும். மாற்றி மாட்டியிருந்தால் அங்கேயே சொல்லிச் சரிசெய்துகொள்ளுங்கள்.

புதுச் செயின் முதல் 500 கிலோமீட்டரில் கொஞ்சம் தொய்யும், பயப்பட வேண்டாம். அதற்குள் ஒருமுறை அளந்து சரிசெய்யுங்கள். நோட்டில் புதுப் பக்கம் எடுத்து, மேலே மாற்றிய தேதி, மீட்டர், 21 பின்னுக்கு இன்றைக்கு வந்த அளவு மூன்றையும் எழுதி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆயில் விட்டதும் அதற்குக் கீழே முதல் வரியைப் போடுங்கள்.